புழங்காத காசும் அன்றாடு நற்காசும்

காசு சேகரிப்பவர்களின் மொழியில் ஒரு காசுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, அது யார் கையிலும் புழங்கவில்லை என்பதுதான். 'அன்சர்க்குலேட்டட்' என்பார்கள். விற்பனைப் பட்டியல்களில் யூ.என்.சி. என்று சுருக்கி எழுதுவார்கள். அக்கசாலையை விட்டு வெளியே வந்து, ஒரு டீக்கடைக் கல்லாவையோ ஒரு கிழவியின் சுருக்குப்பையையோ எட்டிப் பார்க்காமல், நேராகப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்ட காசு. அதற்குக் கீழே 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'வெரி ஃபைன்', 'ஃபைன்', 'வெரி குட்', 'குட்', 'ஃபேர்', 'புவர்' என்று தரவரிசை படிப்படியாக இறங்குகிறது. இதில் 'குட்' என்பது ஏறக்குறைய அடிமட்டம். எழுத்தும் உருவமும் தேய்ந்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசுக்குத்தான் 'நல்லது' என்று பெயர். எல்லாவற்றுக்கும் கீழே கிடப்பதற்கு 'ஏழை' என்று பெயர். இந்தச் சொற்களைத் தேர்ந்தவர்கள் யாரையும் இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் சொற்கள் நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வேலை செய்கின்றன?

இதற்கு நேர் எதிரே இன்னொரு சொல்லை வைத்துப் பார்க்கிறேன். 12, 13ஆம் நூற்றாண்டுச் சோழ பாண்டியக் கல்வெட்டுகளில், நிலம் கைமாறிய ஆவணங்களில், விலை பேசும் இடத்தில் 'அன்றாடு நற்காசு' என்ற தொடர் வருகிறது. அன்றைக்கு வழங்குகிற நல்ல காசு என்று பொருள். அன்றாடம் புழங்குவதும் நல்லதாக இருப்பதும் இங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஊர்ச்சபையும் நிலம் விற்பவனும் கேட்டது இதைத்தான்: நாளைக்கு இன்னொருத்தன் இதை வாங்கிக்கொள்வானா, மாட்டானா? புழங்காத காசை அவர்களிடம் நீட்டியிருந்தால் 'இது எதற்கு ஆகும்' என்று கேட்டிருப்பார்கள்.

ஒரே பொருளைப் பற்றி இரண்டு அகராதிகள் இருக்கின்றன என்பது என் வாதம். ஒன்று புழக்கத்தின் அகராதி. மற்றது சேகரிப்பின் அகராதி. இரண்டாவது அகராதி, கைபட்ட ஒவ்வொரு தடத்தையும் சேதம் என்று எழுதிக்கொள்கிறது. தமிழில் இன்று நாணயவியல் என்ற பெயரில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது அகராதியிலிருந்து பெயர்க்கப்பட்ட கலைச்சொற்களால் ஆனவை. 'இதென்ன பெரிய விஷயம், நாலு பேர் பொழுதுபோக்குக்குப் பழைய காசு சேர்க்கிறார்கள், போகட்டும்' என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகை, பாடநூல், ஏலப்பட்டியல், சட்டம் எல்லாமே இந்த மொழியில்தான் பேசுகின்றன. காசைத் தொட்டுத் தேய்த்தவர்கள் அதில் எங்கும் இல்லை.

2

தரவரிசைக்கு எண் கொடுத்தவரிலிருந்து தொடங்கலாம். இன்று உலகமெங்கும் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இது வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் வெளியிட்ட நூலில் பழைய அமெரிக்கச் செம்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த அளவுகோல். இன்ன காசுதான் என்று கஷ்டப்பட்டு அடையாளம் காணத்தக்கது 1, குறையே இல்லாதது 70.

ஷெல்டனின் தொழில் காசு சேர்ப்பது அல்ல. அவர் உளவியலாளர். மனித உடலை மூன்று வகையாகப் பிரித்து, உடலின் வடிவத்திலிருந்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற கோட்பாட்டை 1940களில் பரப்பியவர். அதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் நிர்வாணப் புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டியவர். அந்த உடல்களுக்கும் எண் கொடுத்தார், காசுகளுக்கும் எண் கொடுத்தார். உடற்கோட்பாடு போலி அறிவியல் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. காசின் அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. 1980களில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தரச்சான்று நிறுவனங்கள் இந்த எண்ணைக் காசோடு சேர்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருகின்றன. அப்புறம் அந்தக் காசை யாரும் தொட முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. ஷெல்டன் 1977இல் இறந்த பிறகு, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்திருந்தார் என்பது வெளிவந்தது. தரத்தை வகுத்தவருக்குத் தரம் எவ்வளவு பெறும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக மட்டும் நான் பார்க்கவில்லை. உடலை அதன் வாழ்க்கையிலிருந்து பிரித்து எண்ணாக்குவதும், காசை அதன் புழக்கத்திலிருந்து பிரித்து எண்ணாக்குவதும் ஒரே பார்வையின் வேலைகள். உழைத்துத் தேய்ந்த உடலுக்கும், கைமாறித் தேய்ந்த காசுக்கும் அந்தப் பார்வையில் குறைந்த மதிப்பெண்தான்.

3

தமிழ்க் கலைச்சொல்லுக்கு வருவோம். துறையின் பெயரே நாணயவியல். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். 'அவர் நாணயமான ஆளுப்பா' என்கிறோம். 'காசான ஆள்' என்று யாரும் சொல்வதில்லை. காசோடு சேரும் சொற்களைப் பாருங்கள்: பிச்சைக் காசு, காசாசை, 'காசு பார்க்கிறவன்', செல்லாக்காசு. பணப் புழக்கத்தில் உள்ள அறம் முழுவதும் ஒரு சொல்லுக்கும், அழுக்கு முழுவதும் இன்னொரு சொல்லுக்கும் பங்கு போடப்பட்டிருக்கிறது. அறம் கிடைத்த சொல், நாணகம் என்ற வடசொல் வழியாக வந்தது. குஷாணர் காசுகளில் பொறிக்கப்பட்ட நனா என்ற பெண்தெய்வத்தின் பெயரிலிருந்து நாணகம் வந்திருக்கலாம் என்று ஒரு கருத்தும் உண்டு. எங்கோ மத்திய ஆசியாவில் வணங்கப்பட்ட ஒரு தாய்த்தெய்வம் தமிழில் நேர்மைக்குப் பெயராகி நிற்கிறாள் என்றால் அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் புகார் சொல்லின் பிறப்பிடத்தைப் பற்றியது அல்ல. கல்வித்துறை தனக்குப் பெயர் தேடும்போது, அழுக்குப் படாத சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டது என்பதைப் பற்றியது. நடன. காசிநாதன் தன் நூலுக்குத் 'தமிழர் காசு இயல்' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் துறையின் பெயராக ஊன்றவில்லை.

காசு என்ற சொல்லோ சாதாரணப்பட்டதல்ல. தமிழ் இலக்கணம் படித்த எவரும் 'நாள், மலர், காசு, பிறப்பு' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். வெண்பாவின் கடைசிச் சீர் இந்த நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை, கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, புதுக் கயிற்றில் கோக்கப்படும் பொன்காசுக்கு உவமையாக்குகிறார். அங்கே காசு கடையில் நீட்டப்படவில்லை, கோக்கப்படுகிறது. ஒரு பெண்ணின் உடம்பில் கிடக்கப் போகிறது.

இந்தக் கோத்தல் சேகரிப்பின் அகராதியில் என்னவாகிறது? காசுமாலையிலோ தாலிக்கயிற்றிலோ இருந்து வந்த காசு என்றால் அதன் விலை சரிந்துவிடும். 'ஓட்டை உள்ளது', 'வளையம் பற்றவைத்த தடம் உள்ளது', 'நகையாக இருந்தது' என்று குறை எழுதுவார்கள். ஒரு காசுக் கண்காட்சியில் வியாபாரி ஒருவர் என்னிடம் ஒரு பழைய வெள்ளிக் காசை ஒதுக்கி வைத்துச் சொன்னார்: 'இது வேணாம் சார், பொம்பளைங்க போட்டது, டேமேஜ்.' அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் பேசியது பட்டியலின் மொழியை. அரசன் அடித்த முத்திரை வரலாறாம், பெண் போட்ட ஓட்டை சேதமாம். அந்த ஓட்டையில் ஒரு கல்யாணம் இருக்கலாம், ஒரு பஞ்சகாலத்து அடகு இருக்கலாம். ராஜாவின் பெயரைப் படிக்கத் தெரிந்த துறைக்கு இதைப் படிக்க ஒரு கலைச்சொல்கூட இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நகைக்கடையில் நாம் சொல்லும் பவுன், சவரன் இரண்டுமே ஒரு காசின் பெயர்கள். பிரிட்டிஷ் முடியரசின் 'சாவரின்' பொற்காசு எடையில் ஏறத்தாழ 8 கிராம். காசு நம் புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை நின்றுவிட்டது. 'எத்தனை பவுன் போடுவீங்க' என்று பெண் வீட்டாரிடம் கேட்கும்போது இங்கிலாந்து ராணியின் தலை பொறித்த காசில்தான் இன்னமும் விலை பேசிக்கொண்டிருக்கிறோம். புழக்கத்தின் அகராதி என்பதால் அது அப்பழுக்கில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் சாதியும் வரதட்சணையும் வட்டியும் இருக்கின்றன. இருப்பதால்தான் அதைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

4

ஆங்கிலப் பட்டியல்களில் தென்னிந்தியக் காசுகள் மூன்று பெயர்களில் கிடக்கின்றன: கேஷ், ஃபனம், பகோடா. கேஷ் என்பது நம்முடைய காசு. போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. கையில் இருக்கும் ரொக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கேஷ் வேறு, அது பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டு, முதலாவது இரண்டாவதின் நிழலில் மறைந்துவிட்டது. வேடிக்கை இதோடு நிற்கவில்லை. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செம்புக் காசுகளுக்கும் ஐரோப்பியர்கள் கேஷ் என்றே பெயர் வைத்தார்கள். சீனர்கள் அதை ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் சீனக் காசைக் குறிக்கும்போது தமிழ்ச் சொல்லைத்தான் உச்சரிக்கிறார்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்துத் தாலிக்கோட்டையில் இந்தச் சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மண்ணுக்கடியில் அந்தக் காசும் இந்தச் சொல்லும் ஒருமுறை சந்தித்துக்கொண்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் நம்ம ஆட்களுக்கு மார்பு விரியும். 'பார்த்தாயா, உலகத்துக்கே காசு கொடுத்தது தமிழ்!' இந்தப் பெருமிதத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. சொல் போனது கப்பலில், கம்பெனிக் கணக்குப் புத்தகத்தின் வழியாக. சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகனுக்கு அவர்கள் வைத்த பெயர் பகோடா. அதே பெயரைக் கோயிலுக்கும் வைத்தார்கள். இந்தியாவுக்கு வந்து சீக்கிரம் பணக்காரனாவதற்கு இங்கிலாந்தில் 'பகோடா மரத்தை உலுக்குவது' என்றே ஒரு பேச்சு இருந்தது. நமக்குப் பகோடா என்றால் மழைக்காலச் சாயங்காலம். அவர்களுக்குக் கோயிலும் காசும் மரமும் ஒன்றுதான், எல்லாமே உலுக்கினால் உதிரும். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாயைத் திட்டக்காசு ஆக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று வைத்தார்கள். 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. பணமும் காசும் வராகனும் அந்தந்தத் தொகைக்குரிய காசுகளின் பெயர் என்ற நிலையை மெல்ல இழந்தன. பணம் என்றால் மொத்தமாகச் செல்வம், காசு என்றால் மொத்தமாகச் சில்லறை என்று ஆயிற்று. சொற்கள் பொதுப்படையாகிப் போனதை மொழியின் வளர்ச்சி என்று எழுதுகிறோம். ஓர் ஆட்சி இன்னொன்றின் காசை உருக்கியதன் அரிச்சுவடு அது.

புழக்கமும் சும்மா இருக்கவில்லை. டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக்காசு நம் கைக்கு வந்ததும் துட்டு ஆயிற்று. கம்பெனி முத்திரையோடு வந்த அந்நியக் காசை இழுத்துப் பிடித்து நம் நாக்குக்கு ஏற்ப மடக்கிக்கொண்டோம். டச்சுக்காரன் போய்விட்டான், 'கையில துட்டு இருக்கா' மட்டும் சென்னைத் தெருவில் இருக்கிறது. சல்லி இலங்கையில் பணத்துக்குப் பெயராக நிற்கிறது, இங்கே 'சல்லிக்காசு பெறாது' என்ற வசவில் நிற்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 பைசாவாகப் பிரிக்கப்பட்டு அணா சட்டப்படி செத்தது. ஆனால் 25 பைசா நாலணாவாகவும் 50 பைசா எட்டணாவாகவும் கடைசிவரை வாழ்ந்தன. பட்டியல்காரர்களின் ஆண்டுக்கணக்குக்கு இந்த வாழ்க்கை பிடிபடுவதில்லை. அவர்களுக்குக் காசு அடித்த ஆண்டு தெரியும். அது செத்த நாள் தெரியாது.

5

காசின் இரண்டு பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் 'ஆப்வர்ஸ்', 'ரிவர்ஸ்'. தமிழில் முன்பக்கம், பின்பக்கம் என்று பெயர்த்தாயிற்று. ஆள்பவரின் உருவமோ அரசின் அடையாளமோ இருக்கும் பக்கம் முன்பக்கம் என்பது விதி. அதாவது அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் முகம்.

தெருப்பையன்களிடம் இதற்கு வேறு சொல் உண்டு: பூவா தலையா. விக்டோரியா காலத்து ரூபாயில் ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் பூவேலைப்பாடு. பண்டைய ரோமில் பையன்கள் காசைச் சுண்டிவிட்டுத் 'தலையா கப்பலா' என்று கேட்டார்கள் என்கிறது இலத்தீன் நூல் ஒன்று. அவர்களுடைய காசில் மறுபக்கம் கப்பல் இருந்தது. பூவா தலையா என்ற கேள்வியில் முன்னும் பின்னும் இல்லை. தலை ஜெயிக்கலாம், பூவும் ஜெயிக்கலாம். இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. சாம்ராஜ்யத்தின் முகத்தைச் சூதாட்டத்தில் ஒரு பக்கமாக மட்டும் ஆக்கிவிட்ட இந்தச் சொல்லைவிட நல்ல விமர்சனக் கலைச்சொல் எனக்குத் தெரியவில்லை. இன்று நம் காசில் ராணியும் இல்லை, ராஜாவும் இல்லை, சிங்கத்தூண் இருக்கிறது. ஆனாலும் தலை என்றுதான் கேட்கிறோம்.

பழந்தமிழ்க் காசுகளைப் பற்றிய விவாதத்திலும் இந்த முகத்தேடல்தான் நடந்தது. சங்ககால மன்னர்கள் காசு அடித்தார்களா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டபோது அது பெரும் திருப்பமாக இருந்தது. பின்னர் மாக்கோதை, குட்டுவன் கோதை காசுகளும் வந்தன. அந்த உழைப்பின் மதிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் நம் எழுத்து பெயரை வாசிப்பதோடு நின்றுவிடுகிறது. யானை நிற்கும், மறுபக்கம் மீன் கோடுகளாய்க் கிடக்கும் பெயரில்லாச் சதுரச் செப்புக்காசுகளையும் 'இது எந்த ராஜா' என்றே கேட்கிறோம். இவ்வளவு சின்னச் செப்புக்காசைக் கொடுத்து எதை வாங்கியிருப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். சங்கப் புலவர் பெயர்களில் வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழார் என்பவை உண்டு. வண்ணக்கன் என்றால் காசைச் சோதித்து நல்லது கள்ளது சொல்பவன். பாட்டெழுதியவர்களில் சிலர் அந்தத் தொழிலின் பெயரைச் சுமந்திருக்கிறார்கள். அவர்கள் காசின் பெயரைப் படித்துவிட்டுக் கும்பிட்டவர்களாக இருக்க முடியாது. தட்டி, உரசி, நிறுத்துப் பார்த்தவர்கள். விமர்சகன் என்ற நம்முடைய சொல்லைவிட வண்ணக்கன் என்ற சொல் எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

6

மண்ணிலிருந்து காசு கிடைக்கும் கணத்துக்கு வருகிறேன். இரண்டு அகராதிகளும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. ஆங்கிலத்தில் கலெக்டர் என்ற ஒரே சொல், வரி வசூலிப்பவருக்கும் காசு சேகரிப்பவருக்கும் பொதுவாக இருப்பது தற்செயல் என்று சொல்லிவிடலாம். தென்னிந்தியக் காசுகளின் முதல் பெரும் பட்டியல்களில் ஒன்றை 1880களில் வெளியிட்ட வால்டர் எலியட் சென்னை மாகாணத்தின் சிவில் அதிகாரி. கடைசிக் காலத்தில் ஏறக்குறைய பார்வையிழந்த நிலையில் அந்த வேலையை முடித்தார். வசூலும் சேகரிப்பும் ஒரே மேசையில் நடந்தன.

அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைக் கவனியுங்கள். அரசு புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், உரியவர்களுக்கு அந்தப் பொருளின் உலோக மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கிணறு வெட்டியவன் கையில் இருக்கும்வரை அது செம்பு, வெள்ளி, தங்கம். அதிகாரியின் மேசைக்குப் போனதும் வரலாறு. இடைப்பட்ட தூரத்துக்கு விலை ஐந்தில் ஒன்று. 'விவரம் தெரியாமல் ஜனங்கள் உருக்கிவிடுகிறார்கள்' என்று நாணயவியல் நூல்கள் புலம்புகின்றன. உலோகமாகவே விலை போடும் சட்டத்தின் கீழ், உருக்குவதைத் தவிர வேறு எதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் முகத்தை அழித்தல். தமிழில் 'சிதைக்கப்பட்ட காசுகள்' என்று எழுதுகிறோம். இங்கே காசாகச் செல்லக்கூடாது, பொன்னாக மட்டும் செல்லட்டும் என்று யாரோ போட்ட குறியாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. அப்படியானால் அது சிதைவு இல்லை, ஒரு வாக்கியம். 'உன் ராஜா எனக்குத் தேவையில்லை, உன் தங்கம் போதும்' என்று உளியால் எழுதிய வாக்கியம். சிதைவு என்ற சொல்லைப் போட்டதும் வாக்கியம் அழிந்து காயம் மட்டும் மிஞ்சுகிறது. வெட்டுக்குறி என்று சொன்னால் போதாதா?

7

கோட்பாட்டு நண்பர்களுக்குக் காசு ஒன்றும் புதிதல்ல. சொல்லின் மதிப்பை விளக்க சசூர் ஐந்து பிராங்க் நாணயத்தை எடுத்துக்கொண்டார்: அதைக் கொடுத்து ரொட்டியும் வாங்கலாம், ஒரு பிராங்க்கோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். நீட்ஷே 1873இல் உண்மைகளை, படம் தேய்ந்துபோய் இனி வெறும் உலோகமாகக் கருதப்படும் காசுகளோடு ஒப்பிட்டார். தெரிதா 1971இல் உருவகம் பற்றி எழுதியபோது இந்தத் தேய்ந்த காசையே பிடித்துக்கொண்டார். பிரெஞ்சில் 'யூசுயர்' என்ற சொல்லுக்குத் தேய்மானம் என்றும் பொருள், கடும் வட்டி என்றும் பொருள். தேயத் தேய இழப்பும் உண்டு, குட்டி போடும் லாபமும் உண்டு என்று அதில் விளையாடினார். இந்த மூன்று பேரிடமும் காசு உருவகமாகவே இருக்கிறது. அதை எடுத்துத் தராசில் வைத்தவர் இல்லை.

மார்க்ஸ் அந்தப் பக்கம் ஓரடி வைத்தார். புழக்கத்தில் காசு தேய்கிறது, தேய்ந்த பிறகும் முழு மதிப்புக்குச் செல்கிறது. ஆக அதன் பெயரும் அதன் பொருளும் பிரியத் தொடங்குகின்றன. தாள் பணத்தின் சாத்தியம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது என்றார். தராசில் வைத்தவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி. கணிதக்காரர், மார்க்சியர். புழக்கம் காசின் எடையை எப்படிக் குறைக்கிறது என்று 1942இல் ஒரு கட்டுரை எழுதினார். தன் காலத்துச் சாதாரணச் சில்லறையை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். ஆண்டு ஏற ஏற எடை ஓர் ஒழுங்கோடு குறைகிறது, காசுக்குக் காசு உள்ள வித்தியாசம் கூடுகிறது என்று கண்டார். அதே கணக்கைத் தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளுக்குப் போட்டார். பின்பக்கச் சிறுகுறிகள் கூடக்கூட எடை குறைவதைக் கண்டு, அவை காலந்தோறும் வணிகர்கள் சோதித்துப் போட்ட குறிகள் என்று வாதிட்டார்.

ஷெல்டனுக்கும் கோசாம்பிக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் தூரம். ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவரும் தேய்ந்த காசைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தேய்மானம் என்பது கழிக்க வேண்டிய மதிப்பெண். இன்னொருவருக்கு அதுவே சான்று. பேர் தெரியாத லட்சக்கணக்கான கைகள் காசில் எழுதிவிட்டுப் போன சான்று. பளபளக்கும் புழங்காத காசிடம் கோசாம்பிக்குக் கேட்க எதுவும் இருந்திருக்காது.

8

இன்றைய சங்கதிக்கு வந்து முடிக்கிறேன். 2016 நவம்பர் 8 அன்று இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் தெருவில் ஒரே சொல்தான்: 'செல்லாதாம்.' பத்திரிகைகளுக்கு அது போதவில்லை. 'பணமதிப்பிழப்பு' என்ற சொல் வந்து நிலைத்தது. யோசித்துப் பாருங்கள். பணம் தானாகவா மதிப்பை இழந்தது? இழப்பு என்பது தன்வினை. நீக்கியவர் யார் என்ற கேள்வியே அந்தச் சொல்லுக்குள் எழாது. மழை பொய்த்தது, பயிர் கருகியது என்பதுபோல மதிப்பு இழந்தது. வரிசையில் நின்றவர்களும் கூலி கிடைக்காதவர்களும் ஓர் இயற்கைச் சீற்றத்தில் சிக்கியவர்களாக மாறிவிட்டார்கள். செல்லாக்காசு என்ற பழைய சொல்லில் இந்த ஒளிவுமறைவு கிடையாது. செல்லாது என்றால் யார் சொன்னது என்று கேட்கத் தோன்றும்.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் 10 ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்கள். 'பத்து ரூபா காயின் வேணாம்மா, நோட்டா குடு' என்று பஸ்ஸிலும் கடையிலும் சொன்னார்கள். ஒன்றில் பத்துக் கதிர், இன்னொன்றில் பதினைந்து. எது நிஜம், எது கள்ளம்? 14 வடிவங்களில் வந்திருக்கின்றன, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. சேகரிப்பாளருக்கு 14 வகை என்றால் கொண்டாட்டம், ஒவ்வொரு வகையும் ஆல்பத்தில் ஒரு இடம். கீரை விற்கும் அம்மாவுக்கு 14 வகை என்றால் 14 சந்தேகம். முந்தைய இரவில் சட்டம் கைவிட்டதை அவள் மறக்கவில்லை. இதை வதந்தி, அறியாமை என்று எழுதினார்கள். நான் வண்ணக்கனின் வேலை என்பேன். வாங்கும்முன் புரட்டிப் பார்ப்பதற்கான உரிமை அது. 25 பைசா 2011 ஜூன் 30இல் சட்டப்படி போனது. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும், கடையில் செல்லாது. செல்லுமா செல்லாதா என்பதை அரசு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழில் காசைப் பற்றி எழுதுபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ராஜாவின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அதோடு எடையை எழுதுங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். எந்த ஊரில், எந்தப் பானையில், எந்த வேலை செய்துகொண்டிருந்தவர் கையில் கிடைத்தது என்று எழுதுங்கள். ஓட்டை இருந்தால் சேதம் என்று முடிக்காமல், கோத்த காசு என்று எழுதுங்கள். வெட்டு இருந்தால் வெட்டு என்று எழுதுங்கள். அந்த ஊரில் அதற்கு என்ன பெயர் வழங்கியது என்று கிழவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். கைபேசியைக் காட்டிக் காசு கொடுக்கும் காலம் இது. சில்லறையின் ஓசை தெரியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாக் காசுமே புழங்காத காசுதான். அப்போது பிளாஸ்டிக் உறைக்குள் 70க்கு 70 வாங்கிய காசு பத்திரமாக இருக்கும். அன்றாடு நற்காசின் சொற்களை இப்போது எழுதி வைக்காவிட்டால் அவற்றை எந்தப் புதையலிலும் தோண்டி எடுக்க முடியாது.